எட்டாவது வரிசை

மெஷினின் மூடியை அழுத்திச் சாத்தித் திரையில் பச்சைக் கட்டத்தைத் தொட்டதும், மீதி ஒரு மணி நாற்பத்திரண்டு நிமிடம் என்று வந்தது. செங்கமலம் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நாற்பது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தட்டின் சின்னச் சின்னக் குழிக்குள் இருக்கிற மரபணுச் செய்தி இரண்டு மடங்காகும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும், ஆனாலும் முதல் பதினைந்து சுற்றுக்குத் திரையில் ஒன்றும் தெரியாது, எல்லாக் கோடும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அப்புறம் எந்தக் குழியில் செய்தி அதிகமாக இருந்ததோ அந்தக் கோடு முதலில் தலை தூக்கும், குறைவாக இருந்தது பின்னால் வரும். பதினோரு வருஷமாகப் பார்க்கிறாள். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன விஷயம். இன்றைக்கு என்னமோ கண் திரையை விட்டு நகரவில்லை. தட்டில் எட்டு வரிசை. ஏழுதான் போடச் சொன்னார். "அந்தக் கடைசி வரிசை வேண்டாம்மா, ஜர்னல்காரன் அதைக் கேக்கவே இல்ல," என்று நேற்றுச் சாயங்காலம் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, உள்ளேகூட வராமல், போகிற போக்கில் சொன்னார் ஆய்வகத் தலைவர் டாக்டர் தியாகசுந்தரம். அவள் தலையை ஆட்டினாள். காலையில் வந்து எட்டையும் போட்டுவிட்டாள். வேண்டாமாம். எது வேண்டாமாம்? மருந்து போட்ட நரம்பணுக்கள் உயிரோடு இருக்கின்றனவா, செத்துக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்கிற வரிசை வேண்டாமாம். நாம் மூச்சு விடுகிற மாதிரி, உயிருள்ள எந்த அணுவும் ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கிற மரபணு ஒன்று உண்டு. எட்டாவது வரிசை அதை அளக்கிற வரிசை. அந்தக் கோடும் பிந்தி வந்தால் அணுவே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மருந்தை ஐந்து மடங்கு ஊற்று, ஆனால் செத்ததா என்று மட்டும் பார்க்காதே. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். காபியில் சர்க்கரை வேண்டாம் என்கிற மாதிரி.

இத்தனைக்கும் விஷயம் ரொம்பச் சின்னது. எட்டு நாள் ஆன கோழிக் கரு. அதன் கண்ணுக்குப் பின்னால் கடுகில் பாதி அளவுக்கு ஒரு நரம்பு முடிச்சு. அதைக் கிள்ளி எடுக்கத் தெரிந்த கை இந்த ஆய்வகத்தில் ஒன்றுதான், அது இப்போது மடியில் கிடக்கிறது, வியர்த்த கையுறைக்குள். அந்த முடிச்சில் இருக்கிற இளம் நரம்பணு கண்தசையைத் தேடி நீண்டுகொண்டு போகும். தசை ஒரு வளர்ச்சிக் காரணியைச் சுரக்கும். அது நரம்பணுவின் வெளித்தோலில் வந்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே நுழையாது. ஆனால் அது ஒட்டின சேதி உள்ளே கைமாறிக் கைமாறி அணுவின் உட்கருவரைக்கும் போய், மூடிக் கிடந்த ஒரு மரபணுவைத் திறக்க வைக்கும். அதிலிருந்து உண்டாவது ஓர் ஏற்பி, மூளை சொல்வதைக் கேட்கிற ஏற்பி. அவளும் ஆராய்ச்சி மாணவி ஃபர்ஸானாவும் அதைக் காது என்பார்கள். காது முளைச்சிருச்சாக்கா? முளைச்சிருச்சும்மா. காரணி வராவிட்டால் காது இல்லை. அவ்வளவுதான் கதை. மிச்சம் இருக்கிற ஒரே கேள்வி, சேதி உள்ளே எந்த வழியாகப் போகிறது? தெரிந்த வழி இரண்டு. முதல் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்து வருஷத் திட்டம் முழுக்க முதல் வழியின் மேல்தான் நிற்கிறது, அதை வைத்துத்தான் மூன்று நாடு போய்ப் பேசிவிட்டு வந்தார். கட்டுரையைப் படித்த ஜர்னல்காரர்கள் நியாயமாக ஒன்று கேட்டார்கள்: முதல் வழியை ஒரு மருந்தால் அடைத்துவிட்டு, காது முளைக்காமல் போகிறதா என்று காட்டுங்கள். அடைத்தாள். முளைத்தது. மறுபடி அடைத்தாள். ஜோராக முளைத்தது. மூன்றாவது தடவையும். அப்போதும் அவருக்கு, வழி தப்பாக இருக்குமோ என்று தோன்றவில்லை, மருந்து பத்தவில்லை என்று தோன்றியது. அஞ்சு மடங்கு போடும்மா, வரும். வரத்தான் செய்யும். கழுத்தை நெரித்துவிட்டுக் காது கேட்கவில்லை என்று எழுதினால் யார் மறுக்க முடியும்? இதில் போன வருஷம் பத்திரிகைப் பேட்டி வேறு: தாயின் அன்பு சேயின் செவியைத் திறப்பதைப் போல. அன்பாம். படம் போட்டு வந்தது, பின்னால் மைக்ரோஸ்கோப், அதன் மேல் அவர் கை, அதை எப்படித் திருகுவது என்று மறந்துபோன கை. தசைக்கு ஏது அன்பு? அது சுரக்கிறது, இது ஒட்டிக்கொள்கிறது. அதில் இருக்கிற அதிசயம் போதாதா, அதற்கு மேல் ஜரிகை வைத்துத் தைக்க வேண்டுமா? எட்டாவது சுற்று. கோடுகள் படுத்தே கிடந்தன.

ஏசிக் காற்று பின்கழுத்தில் நேராக அடித்தது. எழுந்து இடம் மாறலாம். மாறவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே ஸ்டூலில், இதே ஏசிக்குக் கீழே உட்கார்ந்துதான் முதன்முதலாகப் பார்த்தாள். அன்றைக்கு யாரும் எதையும் தேடச் சொல்லவில்லை. தட்டு மிச்சம் இருந்தது, கண்தசையை அரைத்த சாறு மிச்சம் இருந்தது, ஊற்றிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது, ஊற்றினாள். சாறு ஊற்றின குழிகள் மற்றதைவிட மூன்று சுற்று முன்னால் எழுந்து நின்றன. மூன்று சுற்று என்றால் எட்டு மடங்கு. அவளுக்குக் காதோரம் குப்பென்று சூடானது இப்போதும் ஞாபகம் இருக்கிறது, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சூடானதில்லை. காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "கை நடுங்கியிருக்கும்மா. ஒரு குழியில ஒரு சொட்டு அதிகமா விழுந்திருக்கும். தூக்கிப் போட்டுட்டு வேலையப் பாரு." கை நடுங்கியதாம். ஒரு முட்டையைக்கூட வீணாக்காமல் கடுகில் பாதியைக் கிள்ளுகிற கை. அவள் தூக்கிப் போடவில்லை. பதினோரு தடவை செய்தாள், மதிய சாப்பாட்டு வேளையிலும் சனிக்கிழமை மத்தியானங்களிலும், மிச்சம் மீதியை வைத்துக்கொண்டு. பதினோரு தடவையும் எழுந்தது. அப்புறம் அவர் எங்கோ வெளிநாட்டுக் கூட்டத்தில் யாரோ இதே மாதிரி பேசக் கேட்டுவிட்டு வந்து, "அன்னைக்கு நாம ஒண்ணு பார்த்தோமேம்மா, அதை எடு," என்றார். நாம். அந்த நாம் என்கிற சொல்லை எடுத்து அவர் மேஜைமேலேயே குத்தி வைத்துவிட்டு வரவேண்டும் போல இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். சந்தோஷமாகத்தான் கொடுத்தாள், அதுதான் வெட்கக்கேடு. ஏழு மாசத்துக்கு முன்னால் கட்டுரை போனது. ஆறு பேர் பெயர். அதில் ஒருவர் இந்த ஊருக்கே வந்ததில்லை. அவள் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி வரியில், சிறந்த தொழில்நுட்ப உதவிக்கு என்று, முட்டை கொடுத்த நாமக்கல் பண்ணைக்கும் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிறவருக்கும் நடுவில். அவர்களைப் போடக்கூடாதென்று இல்லை. அவர்கள் இல்லாமல் இன்குபேட்டர் ஏது, முட்டை ஏது. ஆனால் பண்ணைக்காரர் இதைக் கண்டுபிடிக்கவில்லையே. ஜெனரேட்டர் கண்டுபிடிக்கவில்லையே. பன்னிரண்டாவது சுற்று.

"பேரு வந்தா என்ன, வராட்டி என்ன?" என்றார் அவள் வீட்டுக்காரர் அன்றைக்கு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே. பொன்மலையில் ரயில்பெட்டிப் பட்டறையில் ஃபிட்டர். "நான் முடுக்குற போல்ட்டுல எம் பேரையா எழுதுறாங்க? வண்டி ஓடுதுல்ல?" நல்ல மனுஷர். மனத்தில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்கிறவரில்லை. ஆனால் அந்தப் பேச்சுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்புவது. போல்ட்டை முடுக்குங்கள், வேண்டாமென்று யார் சொன்னது; பெரிய அதிகாரி வந்து, பாதி முடுக்கினால் போதும், முடுக்கியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவேண்டாம் என்று சொன்னால் சரி சார் என்பீர்களா? நேற்று இதைக் கேட்டாள். அவர் சோற்றுத் தட்டை ஒதுக்கி வைத்தார். "மாட்டேன்தான்," என்றார். அப்புறம், "ஆனா நான் பர்மனென்ட். நீ வருசா வருசம் அந்தாள் கையெழுத்துல நிக்கிற," என்றார். வரும் முப்பதாம் தேதியோடு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கிற காகிதம் அவர் மேஜையில் நீல உறையில் இருப்பதை முந்தாநாள் பார்த்தாள். இந்த வயதில், முப்பத்தொன்பதில், கோழிக்கருவின் கண்ணுக்குப் பின்னால் நரம்பு முடிச்சு எடுப்பேன் என்று வெளியே போய் யாரிடம் வேலை கேட்பது? திருச்சியில் இன்னொரு இடம் உண்டா? மகள் பத்தாவது. இந்த நேரத்தில் எனக்கு என்ன எட்டாவது வரிசை வேண்டியிருக்கிறது. திரையில் நிறுத்து என்கிற கட்டம் சிவப்பாகப் பக்கத்திலேயே இருந்தது. தொட்டால் போதும், மின்சாரம் போய்விட்டது சார் என்று சொல்லலாம், தட்டைக் குப்பையில் போடலாம். விரல் அசையவில்லை. அசையாதது தைரியத்தாலா, வீம்பாலா என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

இருநூற்று நாற்பது. தடவைக்கு அறுபது முட்டை, நாலு தடவை. அட்டைத் தட்டுகளில் அடுக்கி, நாமக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அவள் போய் மத்திய பஸ் நிலையத்தில் இறக்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள், குலுங்காமல். எட்டாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டுக்குள்ளே சிவப்பு வேர்கள் ஓடும், நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு திடுக்கென்று அசையும். அது கண். வந்த புதிதில் ஒரு மாசம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள்: ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஓர் உண்மையாவது கிடைக்கட்டும், சின்னதாக இருந்தாலும். அந்த நியாயத்தின் மேல்தான் பதினோரு வருஷமாகக் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அறுபதை உடைத்து ஒரு பொய்யைச் செய்யச் சொல்கிறார்கள். இதைவிட எடுத்துப் பொரித்துச் சாப்பிட்டிருக்கலாம். அதில் ஓர் ஒழுங்காவது இருக்கும். அவளுக்கு முகம் சிவந்தது, யாரோ எதிரில் நின்று கேட்பது போல உதடு அசைந்தது, நீங்க வந்து உடைச்சுப் பாருங்க சார் ஒரு நாள். கால் தற்செயலாகக் கீழ் இழுப்பறையில் இடித்தது. அதற்குள் ஒரு நோட்டு. நாலு மாசத்துக்கு முன்னால், ஜர்னல் கடிதம் வந்த அந்த வாரமே, அவள் முதல் வழியை விட்டுவிட்டு இரண்டாவது வழியை அடைத்துப் பார்த்தாள், யாரும் சொல்லாமல், மிச்சத் தட்டுகளில். காது முளைக்கவில்லை. எட்டாவது வரிசை கம்பீரமாக நேரத்துக்கு எழுந்தது, அணுக்கள் அத்தனையும் உயிரோடு. மூன்று தடவை. அப்பழுக்கில்லாத விடை. தேதி, நேரம், முட்டைக் கணக்கு எல்லாம் நோட்டில் எழுதி, மூடி, மேலே டிஷ்யூ பெட்டியை வைத்துவிட்டாள். தேடட்டும். ஆறு பேர் இருக்கிறார்களே, ஆறு பேரும் சேர்ந்து தேடட்டும். நன்றி வரியில் இருக்கிறவள் எதற்குச் சொல்லவேண்டும்? அந்த நினைப்பு இந்த நாலு மாசமும் அவளுக்கு வாயில் அடக்கிக்கொண்ட கற்கண்டு மாதிரி இருந்தது. பத்தொன்பது, இருபது.

ஃபர்ஸானா ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. அவளுடைய டாக்டர் பட்டத்தின் கடைசி அத்தியாயம் இந்தத் தட்டில் கிடக்கிறது. உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. "எத்தனாவது சுற்றுக்கா?" "இருபத்தொண்ணு." "ரிசல்ட் வந்துரும்லக்கா இந்தத் தடவ?" இவள் மேலும் கோபம்தான், நியாயமில்லாத கோபம் என்று தெரிந்தே வந்த கோபம். முதல் பெயரைப் போட்டபோது வேண்டாமென்றா சொன்னாள், அக்கா பேரு எங்க சார் என்று ஒரு வார்த்தை கேட்டாளா? ஆனால் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாமல் அழுதவள் இவள், கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது செங்கமலம். இருபத்திரண்டாவது சுற்றில் மருந்து போடாத குழிகள் எழுந்தன, வரிசையாக, அழகாக. ஃபர்ஸானா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இருபத்து மூன்று. இருபத்து நாலு. மருந்து போட்ட குழிகள் எழவில்லை. இருபத்தைந்து. "அக்கா! வரலக்கா! காது வரல!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள், நாலு மாசத்துக் கவலை முகத்திலிருந்து உரிந்து விழுந்தது. செங்கமலம் திரையின் அடிப்பக்கத்தைத் தொட்டாள். எட்டாவது வரிசை. எந்தக் குழியாக இருந்தாலும் பதினேழாவது சுற்றில் எழுந்து நிற்கவேண்டிய கோடுகள். மருந்து இல்லாத ஆறும் எழுந்து எப்போதோ உச்சிக்குப் போய்விட்டன. மருந்து போட்ட ஆறும் இப்போதுதான், இருபத்தொன்றைத் தாண்டின பிறகு, தள்ளாடித் தள்ளாடி மேலே வந்துகொண்டிருந்தன. நாலு சுற்றுத் தாமதம். பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். ஃபர்ஸானா தோளிலிருந்து கையை எடுத்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் டாக்டர் வந்தார். இந்தத் தடவை உள்ளேயே வந்தார். மேல் பாதியை மட்டும் பார்த்தார் போல. "பாத்தியா! நான்தான் சொன்னேனே, டோஸ் பத்தலைன்னு. ஃபர்ஸானா, இன்னைக்கே படம் போட்டுரு, நாளைக்கு அனுப்பிரலாம்." அப்புறம்தான் அவர் கண் கீழே இறங்கியது. "இது என்ன?" "உயிரோட இருக்கான்னு பாக்குற வரிசை சார்," என்றாள் செங்கமலம். தன் குரல் இவ்வளவு நிதானமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "அதான் வேண்டாம்னேனே." "பாதிக்கு மேல செத்துருச்சு சார். காது வராததுக்கு அதான் காரணம். வழி அடைபட்டதனால இல்ல." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார், பதினோரு வருஷத்தில் அவள் பக்கத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "இங்க பாரும்மா. அந்த வரிசைய அவங்க கேக்கல. கேக்காததைக் காட்டணும்னு ஒண்ணும் இல்ல. இந்தப் பொண்ணு வாழ்க்கை இதுல இருக்கு. உன் பேரைப் போடாதது தப்புதான், எனக்கே உறுத்திட்டுத்தான் இருந்தது. மூணாவது பேரா போட்டுரலாம். எனக்கு அடுத்து உன் பேரு. சரிதானே?" ஆறு வருஷமாக இந்த வாக்கியத்தை எத்தனை விதமாக அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள், பஸ்ஸில், துணி அலசும்போது, தட்டில் சொட்டுச் சொட்டாக ஊற்றும்போது. அதில் ஒன்றுகூட இப்படி இருந்ததில்லை, செத்த அணுவின் மேல் போர்த்துகிற துணியாக. கையுறையைக் கழற்றினாள். "இதுக்கு என் பேரு வேண்டாம் சார். நன்றின்னு கீழ போட்டிருக்கீங்களே, அதுலேருந்தும் எடுத்துருங்க." அவர் எழுந்துகொண்டார். "யோசிச்சுச் சொல்லு. முப்பதாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு," என்றார். தேதியை எதற்குச் சொன்னார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அவர் போனதும் ஃபர்ஸானா ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று செங்கமலம் நினைத்தாள். அவள் திரும்பினபோது கண் நிறைந்திருந்தது, ஆனால் அது வேறு கண்ணீர். "ஏங்க்கா போட்டீங்க? வேண்டாம்னுதானே சொன்னாரு? உங்களுக்கு அவர் மேல கோவம்னா என்னை எதுக்குக்கா நடுவுல நிறுத்துறீங்க?" "பொய்யி ஃபர்ஸானா அது." "பொய்யின்னு எனக்குத் தெரியாதா? ஆனா உண்மை என்னன்னு யாருக்குத் தெரியும்? நாலு மாசமா நாய் மாதிரி தேடிட்டு இருக்கேன்." யாருக்குத் தெரியும். மெஷின் ஒரு தடவை பெருமூச்சு விட்டு அடுத்த சுற்றுக்குப் போனது. செங்கமலத்துக்கு முதன்முறையாக அந்த இழுப்பறையைத் திறக்கவே பயமாக இருந்தது. கட்டுரையில் என் பெயரைப் போட்டிருந்தால் எட்டாவது வரிசையைப் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன். போட்டிருப்பேனா? மூன்றாவது பெயராக, படம் போட்டு, அவர் கை வைத்த மைக்ரோஸ்கோப்பில் நானும் ஒரு கை வைத்து நின்றிருந்தால்? தெரியவில்லை. அதை விடு. பெயரைப் போட்டிருந்தால் இந்த நோட்டை மறைத்திருப்பேனா? மாட்டேன். அது நிச்சயம். அன்றைக்கே அச்செடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். அப்படியானால் இருநூற்று நாற்பதில் முதல் அறுபதுக்கு நியாயம் இருந்தது, கேட்டார்கள், செய்தேன். அதற்கடுத்த நூற்றெண்பது? எனக்கு விடை தெரிந்த பிறகு, தெரிந்தே, ஆட்டோவில் மடியில் வைத்துக் குலுங்காமல் கொண்டுவந்து, டார்ச் அடித்து, ஒவ்வொன்றாக உடைத்தேனே, அது யார் கணக்கு? அவர் கணக்கிலேயே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கோபம் போகவில்லை. போகவேண்டிய இடம் தெரியாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து மார்பில் இடித்தது. குனிந்து டிஷ்யூ பெட்டியைத் தள்ளி நோட்டை எடுத்து ஃபர்ஸானாவின் கையில் கொடுத்தாள். அவள் நின்றபடியே படித்தாள். ஒரு பக்கம், இரண்டு, ஏழு பக்கம். முதலில் கண் விரிந்தது, அப்புறம் முதல் பக்கத்துக்குத் திரும்பிப்போய்த் தேதியைப் பார்த்தது. "ரெண்டாவது வழியா? இவ்ளோ சுத்தமாவா? அக்கா, இது ஜூலைக்கா." "ஆமா." "இது நவம்பர்." "ஆமாம்மா." அவள் கோபித்துக்கொள்ளவில்லை, திட்டவில்லை. நோட்டை மார்போடு வைத்துக்கொண்டாள். "வாங்க," என்றாள்.

டாக்டர் அறையில் ஜன்னல் வழியாக வெயில் மேஜைமேல் நீல உறைவரைக்கும் வந்திருந்தது. ஃபர்ஸானா நோட்டை அதன்மேல் திறந்து வைத்தாள். அவர் படிப்பதைச் செங்கமலம் பார்த்துக்கொண்டு நின்றாள். மனுஷருக்குப் படிக்கத் தெரியும், அதை மறுக்க முடியாது. மூன்றாவது பக்கத்திலேயே முதுகு நிமிர்ந்தது, விரல் ஒரு வளைகோட்டின் மேல் போய் நின்றது, எட்டாவது வரிசையைத் தானாகவே தேடிப் பார்த்தது. ஐந்து வருஷத் திட்டம், மூன்று நாட்டுப் பேச்சு எல்லாம் அந்த விரலுக்கடியில் நழுவுவது அவருக்குத் தெரிந்திருக்கும். முகம் வெளுத்து, அப்புறம் சிவந்தது. "நாலு மாசமா இதை வெச்சுக்கிட்டு என்னை மடையனாக்கிட்டு சும்மா இருந்தியா? இதுதான் நீ சயின்சுக்குக் குடுக்குற மரியாதையா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நியாயம் அவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. யார் யாரைக் கேட்பது? செத்ததா என்று பார்க்காதே என்று நேற்றுச் சொன்ன வாய் என்னைக் கேட்பதா? கேட்கட்டும். கேட்கத்தான் வேண்டும். "இருந்தேன் சார். என் பேரு இல்லைங்கிற கோவத்துல இருந்தேன். தப்புதான். நூத்தியெண்பது முட்டை என் தப்பு. மிச்சத் தப்பு யாருதுன்னு உங்களுக்கே தெரியும்." ஃபர்ஸானா சுவரைப் பார்த்தாள். அவர் நோட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "இதை நம்ப முடியாது. நீ ஒருத்தியே செஞ்சிருக்க. கை நடுங்கியிருக்கலாம்," என்றார். சொன்ன உடனே அந்தச் சொல் அவருக்கே எங்கோ கேட்ட சொல்லாக இருந்திருக்க வேண்டும், மேலே பேசாமல் நிறுத்திக்கொண்டார். அவளுக்குள் சுற்றிக்கொண்டிருந்த கோபம் அப்படியே நின்றது. கத்தவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். "அப்படின்னா நம்பாதீங்க சார். பண்ணைக்குப் போன் பண்ணிச் சொல்லிர்றேன், வியாழக்கிழமை எட்டு நாள் அடைவெச்ச முட்டையாவே அனுப்புவாங்க. பன்னெண்டே போதும். நீங்க வாங்க. நீங்களே உடைங்க, நீங்களே எடுங்க, எந்தக் குழியில எந்த மருந்துன்னு ஃபர்ஸானா மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன். எதையும் தொடமாட்டேன்." அவர் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் இருக்கும் அது ஒரு முட்டையைத் தொட்டு. முடியாது என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். வெளியே போ என்பார் என்று நினைத்தாள். போகத் தயாராகக் கால்கூடத் திரும்பியிருந்தது.

"எத்தனை மணிக்குப் பஸ்?" என்றார்.

"ஆறே கால் சார்," என்றாள். "மடியில வெச்சுத்தான் கொண்டுவரணும்."